வேட்டிப் பெட்டியின் அட்டை

எங்கள் பிலிம் சொசைட்டியின் செக்ரெட்டரி தணிக்கையை எதிர்த்து மேடையில் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கத்தரிக்கோல் என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு விரலை நீட்டிக் காற்றை வெட்டிக் காட்டுவார். எமர்ஜென்சியில் வாயைத் திறக்காத மனிதர், அது முடிந்த பிறகு வருஷக்கணக்கில் அதைப் பற்றி மட்டுமே பேசினார். அப்பேர்ப்பட்டவரின் தோல்பைக்குள் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். வேட்டிப் பெட்டியின் மூடி. திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முகத்தோடு முகம் நெருங்கினால் போதும், புரொஜெக்டரை ஓட்டிக்கொண்டிருக்கும் அவர் அந்த அட்டையை எடுத்து லென்ஸுக்கு முன்னால் நீட்டிவிடுவார். திரை கறுத்துப்போகும். மனசுக்குள் எதையோ எண்ணி முடித்து அட்டையை எடுப்பார். அப்போது அந்த இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்று வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எண்பதுகளின் மட்டாஞ்சேரியில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு வருகிறார்கள் இல்லையா என்பார்கள். சுக்கும் மிளகும் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்த வாசகசாலை ஹால்தான் எங்கள் தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்குவதற்கு முன்பே படம் போட்டுவிடுவோம். அதனால் கீழேயிருந்து காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டு ஹாலை இருட்டாக்குவார்கள். அந்தச் சாக்கெல்லாம் மிளகுத் தூசி. எவ்வளவு பயங்கரமான காட்சி ஓடினாலும் ஏதாவதொரு மூலையில் யாராவது தும்முவார்கள். கொங்கணிகள், குஜராத்திகள், மலையாளிகள், தமிழ் பேசுகிற நாங்கள், எல்லாரும் வருவோம், எல்லாரும் தும்முவோம்.

படங்கள் பெரும்பாலும் இங்கிலீஷ். எல்லாருக்கும் புரியாது. அதனால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக் பிடித்து நின்று, படம் ஓட ஓடக் கதை சொல்ல வேண்டும். முதலில் செக்ரெட்டரியே சொன்னார். எர்ணாகுளம் கோர்ட்டில் வக்கீல் அவர். ஒரு கொலையைக்கூட மனுத் தாக்கல் செய்வது மாதிரிதான் சொல்வார். சனங்கள் குறட்டை விட்டார்கள். அவருக்குத் தொண்டை கட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் என் கைக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். என் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும். மலையாளத்தில் ஆரம்பிப்பேன், ஆத்திரம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவேன். எனக்கு ஆத்திரம் சுலபமாக வரும். சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

கல்யாணமாகாத பெண் ஆம்பிளைகள் நடுவில் மைக் பிடித்து நிற்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே, பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னோடு கிளம்பி வந்து முதல் வரிசையில் உட்காருவாள். எனக்குக் காவலாம். அட்டை லென்ஸை மறைக்கும்போது அவள் கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வாள். அதுதான் மறைத்தாயிற்றே, நீ வேறு ஏன் மூடுகிறாய் என்று கேட்டதற்கு, எதற்கும் இருக்கட்டும் என்றாள்.

இந்தக் கதைக்கு நான் ஒரு பேய்ப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில், நான் பள்ளிக்கூடத்திலும் அக்கா காலேஜிலும் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. கடலோரத்தில் ஒரு பெரிய வீடு. அங்கே ஒரு பணக்காரன் இரண்டாம் தாரமாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். முதல் மனைவி செத்துப் பேயாக வீட்டுக்குள் அலைகிறாள். தலைமுடியிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். அவள் வருவதற்கு முன்னால் சொட்டுச் சத்தம் வரும். ஒரு நாள் இரண்டாம் மனைவி சமையலறையில் தனியாக இருக்கிறாள். சொட்டு, சொட்டு. பேய் வாசற்படியில் வந்து நிற்கிறது. இவள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். பேய் ஒரு அடி எடுத்து வைக்கிறது. உடனே படம் ஒரு குதி குதித்தது. அடுத்தது பகல் வெளிச்சம், இவள் கடற்கரையில் பேயறைந்த முகத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் இருந்ததைச் சென்ஸாரில் வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் ஒரே விசில், கூச்சல்.

கடைசியில் புயலும் வெள்ளமும் வந்து, புருஷன் வெளியே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறான். திற, திற என்று கத்துகிறான். இவள் உள்ளே நின்றுகொண்டு திறக்கவே மாட்டேனென்கிறாள். கடல் அவனைக் கொண்டுபோகிறது. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், ஐயோ பாவம், சமையலறையில் வைத்துப் பேய் அவள் உடம்புக்குள் புகுந்துவிட்டது, இல்லாவிட்டால் ஒரு பெண் இப்படிச் செய்வாளா என்று பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அக்கா அதற்கப்புறம் ரொம்ப நாள் கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டாள். பார்த்த காட்சிகளை அவள் மறந்துவிட்டாள். பார்க்காத அந்தச் சமையலறைதான் அவளை விடவில்லை. அவ என்னடி பண்ணியிருப்பா, என்னடி பண்ணியிருப்பா என்று என்னைப் போட்டுத் துளைப்பாள்.

அக்காவைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அப்பா அந்தக் கல்யாணத்தை நடத்திவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் அக்கா ஒரு சின்னப் பெட்டியோடு தனியாக வந்து நின்றாள். இடது கையில் கட்டு. அன்றைக்கு ராத்திரி எங்கள் இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னாள். சாம்பாரில் உப்பு ஏறிவிட்டதென்று ஆரம்பித்த சண்டை. புருஷன் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தோசைக் கல்லில் வைத்து அழுத்தியிருக்கிறான். அடுத்த அறையில் மாமியார், நாத்தனார், யாரோ விருந்தாளி வேறு. யாரும் எழுந்து வரவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தார்களாம்.

அம்மா ராத்திரி முழுக்க அழுதாள். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனாள். பொண்ணு வந்திருக்கா, கையில கொதிக்கிற ரசத்தைக் கொட்டிண்டுட்டா, ரெஸ்ட் எடுக்கட்டும்னு அவாளே அனுப்பிச்சா என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். நான் அவளோடு சண்டை போடாத நாள் இல்லை. அவன் செய்ததற்கு நீ ஏன் கதை கட்டுகிறாய் என்று கத்துவேன். இங்க ஆம்பிளைத் துணை இல்லை, பேர் கெட்டுப் போனா உனக்கு யாரு வருவா, நீ மிண்டாம இரு என்று என் வாயை அடைப்பாள். அக்கா எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். யாராவது வந்து ரசமா கொட்டித்து என்று கேட்டால், ஆமாம் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போது கோயமுத்தூரிலிருந்து தகவல் வந்தது. மாப்பிள்ளையும் அவனுடைய பெரியப்பாவும் வரும் திங்கட்கிழமை வந்து அக்காவை அழைத்துக்கொண்டு போவார்கள். அம்மா சரியென்று சொல்லி அனுப்பிவிட்டாள். அக்காவின் புடவைகளைத் துவைத்து மடித்துவைக்க ஆரம்பித்தாள். அனுப்பாதே, நான் சம்பாதிக்கிறேன், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் காலில் விழாத குறை. அவ போய்த்தான் ஆகணும் என்ற ஒரே வார்த்தைதான் அவளிடமிருந்து வந்தது. அக்காவோ, யாருடைய புடவையையோ மடிப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சொசைட்டியில் அந்தப் பேய்ப்படம்.

பழைய பிரிண்ட் இல்லை. வெட்டின சமையலறைக் காட்சி வெளிநாட்டில் எங்கேயோ ஒரு கிடங்கில் கிடைத்து, அதைத் திரும்ப ஒட்டின புதுப் பிரிண்ட். சொசைட்டிகளுக்கு மட்டும் சென்ஸார் இல்லாமல் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். செக்ரெட்டரி அதை வாங்கிவரப் பட்ட பாட்டை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமாகச் சொன்னால், பாடுபட்டுத்தான் வாங்கினார்.

கதை சொல்பவள் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் படத்தைப் போட்டார். கமிட்டிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். சமையலறை வந்தது. பேய் ஒரு அடி எடுத்து வைத்தது. இந்தத் தடவை படம் குதிக்கவில்லை. ஒட்டின இடம் நன்றாகத் தெரிந்தது. அங்கேயிருந்து படம் வெளிறி, கீறலும் புள்ளியுமாக ஓடியது. பேய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. கத்தவில்லை, நகத்தைக் காட்டவில்லை. சாதாரணக் குரலில் பேசியது. என்னை அவன் நிலவறையில் வைத்துப் பூட்டினான். கடல் பொங்கி உள்ளே தண்ணீர் ஏறியது. மேலே விருந்து. நான் கூரையைத் தட்டினேன். விருந்துக்கு வந்த எல்லாருக்கும் கேட்டது. கேட்டதும் பியானோவைச் சத்தமாக வாசித்தார்கள். இவ்வளவுதான் சொன்னது. அப்புறம் எழுந்து இரண்டாம் மனைவியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது.

அப்படியானால் கடைசியில் கதவைத் திறக்காமல் நின்றாளே, அவளைப் பேய் பிடிக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வெட்டினவன் ஒரு காட்சியை வெட்டி நல்ல புத்தியோடு இருந்த ஒரு பெண்ணைப் பேய் பிடித்தவளாக மாற்றியிருக்கிறான். நாங்களும் அதை இத்தனை வருஷம் நம்பியிருக்கிறோம். என்ன அக்கிரமம்!

செக்ரெட்டரி புரொஜெக்டரை நிறுத்தினார். இந்த இடம் நாளைக்கு வேண்டாம், அட்டை வைத்துவிடலாம் என்றார். கமிட்டி தலையாட்டியது. எனக்குக் காதை நம்ப முடியவில்லை. இதே படத்தில் ஒருவன் கழுத்தை அறுப்பதைக் குழந்தைகளுக்கெல்லாம் காட்டப் போகிறீர்களே, இதில் ரத்தம் உண்டா, முத்தம் உண்டா, ஒரு பெண் உட்கார்ந்து பேசுகிறாள், அவ்வளவுதானே என்று கேட்டேன். அவரும் எங்கள் தெருக்காரர்தான், அக்காவின் கைக்கட்டைப் பார்த்தவர்தான். என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"கழுத்தறுக்கறது கதை, குட்டி. அதைப் பார்த்துட்டு ஆத்துக்குப் போய்த் தூங்கிடலாம். இது ஆத்துக்காரியம். இதை நாலு பேர் நடுவுல போடப்படாது."

சென்ஸாரை எதிர்த்து நாற்பது தடவை பேசியது இந்த வாய்தானா என்று கேட்டேன். நீ மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா நின்றால் போதும் என்றார். விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம், வெட்டின சமையலறை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வந்த நாளிலிருந்து எதையும் கேட்காதவள், மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அவ என்ன பண்ணினா என்று கேட்டாள். வந்து பார் என்றேன். கையை நாலு பேர் பார்ப்பார்கள் என்று அம்மா தடுத்தாள். தலைப்பால் மூடிக்கொள்கிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டாள்.

இங்கேதான் செக்ரெட்டரி ஒரு தப்புச் செய்தார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அத்தனை வருஷமும் அவர் அட்டை வைத்து மறைத்ததெல்லாம் முத்தம். முத்தத்துக்குச் சத்தம் கிடையாது. படத்தை மறைத்தால் விஷயம் முடிந்தது என்றே அவருக்குப் பழகிவிட்டது. இந்தப் பேய், பேசுகிற பேய் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்துப் பயந்தவர்கள். நான் கதை சொல்லிக்கொண்டே போனேன். சமையலறை வந்தது. சொட்டு, சொட்டு. பேய் வாசற்படியில் நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தது. லென்ஸுக்கு முன்னால் அட்டை வந்தது. திரை கறுத்தது. கறுத்த திரையிலிருந்து, ஸ்டூலை இழுக்கும் சத்தம் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், இங்கிலீஷில், சாவதானமாகப் பேச ஆரம்பித்தது.

சனங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. என் வேலையே அதுதானே, கேட்பதைச் சொல்வது. செக்ரெட்டரி அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்றார். நான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். மலையாளத்தை எல்லாம் விட்டுவிட்டு, நேரே தமிழில் ஆரம்பித்தேன். "என்னை அவன் நிலவறையில் வச்சுப் பூட்டினான்னு சொல்றா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படத்தின் சத்தத்தைத் திருகிக் குறைத்தார். குரல் அடங்கிவிட்டது. ஆனால் என் மைக்குக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டி வேறு. அது என் காலடியில் இருந்தது. முந்தின நாள் கேட்டது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருந்தது. இருட்டில் நின்று சொன்னேன். தண்ணி ஏறித்துன்னு சொல்றா. மேல தட்டினாளாம். எல்லாருக்கும் கேட்டுதாம். கேட்டவா எல்லாரும் பாட்டைச் சத்தமா வச்சாளாம். என் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று சொன்னேன். அம்மா உட்கார்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஹாலில் ஒரு தும்மல்கூட இல்லை.

பின்வரிசையில் யாரோ, அட்ட எடுக்கு ஸாரே, என்றார். இன்னும் இரண்டு மூன்று குரல் சேர்ந்துகொண்டது. செக்ரெட்டரி அசையவில்லை. அப்போது முதல் வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். நடுவழியே நேராக நடந்து புரொஜெக்டர் பக்கம் போனாள். வலது கையால் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, இடது கையை நீட்டி அட்டையைப் பிடித்து அவர் கையிலிருந்து உருவினாள். கட்டு அவிழ்த்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அவளுடைய உள்ளங்கை ஒரு நிமிஷம் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்றது. திரையில் பெரிதாக ஒரு கையின் நிழல். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிழலைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். அவள் கையை எடுத்ததும் படம் தெரிந்தது. பேய் இரண்டாம் மனைவியின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா தன் இடத்துக்கு வரவில்லை. அங்கேயே, புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தாள். படத்தில் புருஷன் வந்து கதவைத் தட்டியபோது, அந்தக் காலத்தில் ஐயோ பாவம் என்ற ஊரில் ஒருவர்கூட அன்றைக்கு ஐயோ பாவம் சொல்லவில்லை.

அடுத்து நடந்த சொசைட்டி விவகாரத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். கமிட்டி கூடி என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கியது. செக்ரெட்டரி மறுபடியும் கதை சொன்னார், சனங்கள் மறுபடியும் குறட்டை விட்டார்கள். கொஞ்ச நாளில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் வருகிறேன் என்றேன். அட்டையேது, அதுதான் எங்கள் வீட்டில் இருந்ததே. அம்மா அதைப் படம் பார்க்க வரும்போது விசிறியாகக் கொண்டுவந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, செக்ரெட்டரி கண்ணில் படுகிற மாதிரி விசிறிக்கொள்வாள்.

ஆனால் அம்மா இப்படி விசிறிக்கொள்கிற அம்மாவாக மாறியது அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஊர் முழுக்கக் கையைப் பார்த்துவிட்டது, மானம் போயிற்று, நாளைக்கு அவர்கள் வரும்போது யார் என்ன சொல்வார்களோ என்று புலம்பினாள். அக்கா வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ ரசம்னு சொன்ன ஆத்துக்கெல்லாம் நாளைக்குக் காலம்பர நீயே போய் நடந்ததைச் சொல்லணும். நான் கூட வரேன். சொல்லிட்டு வந்து, அதுக்கு மேலயும் என்னை அனுப்பணும்னு உனக்குத் தோணினா, அனுப்பு. நான் போறேன்."

போகிறேன் என்று ஏன் சொல்கிறாய் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

காலையில் அம்மா குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மாட்டேனென்று சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன். போலாமா என்றாள். முதல் வீட்டில் குரலே எழும்பவில்லை. அன்னிக்கு ரசம்னு சொன்னேனே, அது ரசம் இல்லை, என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அந்த வீட்டு மாமி, சாயா குடிக்கிறேளா என்று பேச்சை மாற்றினாள். இரண்டாவது வீட்டில், தோசைக் கல் என்ற வார்த்தை வந்தது. மூன்றாவது வீட்டில், மாப்பிள்ளைதான் பிடித்து வைத்தான் என்பது வந்தது. போகப் போக அம்மாவின் குரல் ஏறியது. தன் வாயிலிருந்து வருவதைத் தானே முதல் தடவையாகக் கேட்கிறவள் மாதிரி அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டு மாமிதான் எங்கள் தெருவிலேயே அம்மாவுக்கு ரொம்ப வேண்டியவள். அம்மா சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே, அவ கட்டு மாத்தறச்சேயே தெரியும், கேட்டேளா. ரசம் கொட்டினா புறங்கையிலன்னா கொட்டும்? உள்ளங்கையில எப்படிக் கொட்டும்?"

அம்மா கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கலை?"

அம்மா திரும்பி நடந்தாள். எங்களைவிட வேகமாக நடந்தாள். பாதித் தெருவில் நின்று, என்னிடமோ அக்காவிடமோ தெரியவில்லை, எல்லாருக்கும் கேட்டிருக்குடி, என்றாள்.

அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஆட்டோ பக்கத்திலேயே நின்றுகொண்டான். பெரியப்பாதான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது அவருக்கு வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும், திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா வாசல் நிலையில் நின்றிருந்தாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் ரசம் கொட்டினதற்கெல்லாம் ஒரு பெண் இத்தனை நாள் பிறந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டால் எப்படி என்றார்.

அம்மா கட்டிய கதை அவர்கள் வாயில்! கோயமுத்தூர் வரைக்கும் போய், அவர்களுக்கு வசதியாக இருந்து, திரும்பி எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அம்மாவின் முகம் சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"ரசம் இல்லை," என்றாள். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். என் குரல் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "உங்க பிள்ளை என் பொண்ணு கையைத் தோசைக் கல்லுல வச்சு அமுக்கினான். உங்காத்து மனுஷா அடுத்த ரூம்ல ரேடியோ கேட்டா. ரசம்னு பொய் சொன்னது நான். இன்னிக்கு எல்லா ஆத்துலயும் போய் மாத்திச் சொல்லிட்டேன். இனி அதைச் சொல்லாதேங்கோ. அவ வரமாட்டா."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவர் தட்டினார். முதலில் மரியாதையாகத் தட்டினார், பிறகு அடித்தார். மாப்பிள்ளையும் வந்து சேர்ந்துகொண்டு அடித்தான். கதவு அதிர்ந்தது. அம்மா உட்பக்கம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெளியே ஒரு வாசலிலிருந்து யாரோ ஓர் ஆணின் குரல், போறும், போங்கோ என்றது. இன்னொரு வாசலிலிருந்து இன்னொரு குரல். தட்டுவது நிற்கும்வரை அம்மா கதவை விட்டு நகரவில்லை.

ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே போனாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடாத தோசைக் கல்லை எடுத்துத் துடைத்து அடுப்பில் வைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் எங்கள் மூன்று பேருக்கும் நல்ல பசி.